சொல்லுக்கு உயிர் தரும் உள்ளம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், வள்ளியூரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வள்ளியூர்க் குன்றின் குடைவிலே முருகன் வீற்றிருக்கிறான். அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலங்களுள் இவ்வூரும் ஒன்று. கல்லைக் குடைந்து கோயில் கண்டவன் பெயரை ஊர் மறந்துவிட்டது. சொல்லைக் குடைந்து சந்தம் கண்டவரின் பெயரை மறக்கவில்லை. இத்தகைய ஓர் ஊரில், பத்து ஆண்டுகள் இடைவிடாது கூடிக் கவிதை படித்தும் கேட்டும் வளர்ந்த ஒரு வட்டத்தின் விழாவிலே, சொல்லின் ஆற்றலைப் பற்றி எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையது.

சொல்லுக்கு ஆற்றல் உண்டு என்பதைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. வாழ்த்துப் பலிக்கும், வசவும் பலிக்கும் என்று நம்பி, அந்தி வேளையில் தீச்சொல் கூறாதே என்று குழந்தையைக் கடிந்துகொள்ளும் தாய்மார் நிறைந்த நாடு இது. விளக்கை அணை என்று சொல்லாமல் விளக்கைக் குளிரவை என்று சொல்லும் வழக்கு இங்கே உண்டு. எனவே சொல்லுக்கு ஆற்றல் உண்டா என்பது இன்றைய வினா அன்று. அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதே வினா. ஒலியிலிருந்தா, விருப்பத்திலிருந்தா, அல்லது வேறு எங்கிருந்தேனுமா?

மௌனத்தில் விளைந்த மொழி

தண்பொருநைக் கரை இவ்வினாவுக்குத் தொன்றுதொட்டு ஒரு விடை கூறி வந்திருக்கிறது. அந்த விடை மரபுக் கதைகளின் வடிவில் உள்ளது. திருக்குருகூரில் பிறந்த நம்மாழ்வார், பிறந்தது முதல் பேசாது, புளிய மரத்தடியில் பதினாறு ஆண்டுகள் அமர்ந்திருந்தார் என்பது வைணவ மரபு. திருக்கோளூரில் பிறந்த மதுரகவி வினா ஒன்றைத் தொடுத்த பிறகே அந்த வாய் திறந்தது என்பர். அதே ஆற்றின் கரையில், சில கல் தொலைவில் உள்ள ஸ்ரீவைகுண்டத்தில், பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாதிருந்தார் என்றும், பெற்றோர் திருச்செந்தூருக்கு அழைத்துச் சென்று முருகன் திருமுன் கிடத்தியபின் பேச்சு வரப்பெற்றுக் கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்றும் சைவ மரபு கூறும்.

இவை வரலாறா, நம்பிக்கையா என்னும் ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். இரண்டு சமயங்களும் தத்தம் பெருங்கவிஞரைப் பற்றி ஒரே செய்தியைக் கூறியிருப்பது நோக்கத்தக்கது. சொல் பிறப்பதற்கு முன் ஒரு காத்திருப்பு இருந்தது. அந்தக் காத்திருப்பின் நிறைவே சொல்லின் நிறைவாயிற்று என்பதே அச்செய்தி. தொல்காப்பியமும் செய்யுளியலில் மந்திரத்திற்கு இலக்கணம் கூறும்பொழுது ஒலியை முதலில் நிறுத்தவில்லை. அதைக் கூறும் மாந்தரின் நிறைவையே முதலில் நிறுத்துகிறது. ஓதுபவன் யார் என்பதைப் பொறுத்தே ஓதப்படுவது மந்திரம் ஆகிறது.

ஆயினும் புளிய மரத்தடியும் திருச்செந்தூர்ச் சந்நிதியும் இன்றைய கவிஞனுக்குத் தொலைவில் உள்ளவை. அருள் பெற்றோர்க்கு அது கூடும், எளியோர்க்கு என்ன வழி என்று அவன் கேட்கலாம். அவனுக்கு அண்மையில் உள்ள சான்று ஒன்று வேண்டும். காலமும் இடமும் ஆவணமும் தெளிவாக உள்ள, வழக்காடி, வணிகம் செய்து, கடன்பட்டு, சிறைப்பட்டு வாழ்ந்த ஒரு மனிதரின் வாழ்க்கையே அத்தகைய சான்றாக முடியும். அம்மனிதர் ஒட்டப்பிடாரம் வ. உ. சிதம்பரம் பிள்ளை.

வ.உ.சி.யைக் கப்பலோட்டிய தமிழர் என்று உலகம் அறியும். செக்கிழுத்த செம்மல் என்றும் அறியும். எண்ணத்தின் ஆற்றலைப் பற்றிய நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த முன்னோடி என்பதை இலக்கிய அன்பர்களிலும் சிலரே நினைவில் வைத்திருக்கின்றனர்.

மனம்போல வாழ்வு

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் 1864ஆம் ஆண்டு பிறந்தவர் ஜேம்ஸ் ஆலன். தந்தையை இளமையிலேயே இழந்து, பதினைந்து வயதில் வேலைக்குச் சென்றவர். 1903இல் அவர் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். மனிதன் எவ்வாறு நினைக்கிறானோ அவ்வாறே ஆகிறான் என்னும் கருத்துடைய விவிலிய நீதிமொழியிலிருந்து அதன் தலைப்பு எடுக்கப்பட்டது. எண்ணம் விதை, செயல் மலர், இன்பதுன்பங்கள் கனி என்பது அதன் சாரம். அந்நூல் மேலை நாடுகளில் பல்லாயிரவர் கைகளுக்குச் சென்றது. தமிழுக்கு அது வந்தது 1909ஆம் ஆண்டில். அப்பொழுது மொழிபெயர்ப்பாளர் சிறையில் இருந்தார்.

அந்நூலுக்கு வ.உ.சி. இட்ட பெயர் 'மனம்போல வாழ்வு'. கவிஞர்கள் நிறைந்த இந்த அவையில் அப்பெயரைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆங்கிலத் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் அது தமிழாகியிராது. மணமக்களை வாழ்த்தும் முதியோர் வாயில், மனம்போல மாங்கல்யம் என்று வழங்கி வந்த தொடரின் ஓசையை எடுத்துக்கொண்டு, மாங்கல்யம் இருந்த இடத்தில் வாழ்வை வைத்தார். தத்துவம் ஒன்று வாழ்த்தாக மாறிவிட்டது. அயல்நாட்டுச் சிந்தனை ஒன்று ஒட்டப்பிடாரத்துத் திண்ணைக்கு வந்து அமர்ந்துவிட்டது.

1914இல் வெளிவந்த மற்றொரு மொழிபெயர்ப்புக்கு 'அகமே புறம்' என்று பெயரிட்டார். அதன் மூலநூலின் தலைப்பு, இதயத்திலிருந்து வெளியே என்னும் பொருள் தருவது. அதைத் தமிழ்ப் பொருளிலக்கணத்தின் இரு பெரும் பிரிவுகளைக் கொண்டே பெயர்த்தார். அகம், புறம் என்று புலவர் இரண்டாகப் பிரித்து வைத்ததை, இடையில் ஓர் ஏகாரத்தை இட்டு ஒன்றாக்கிவிட்டார். அதன் பின்னர் 1916இல் 'வலிமைக்கு மார்க்கம்', 1934இல் 'சாந்திக்கு மார்க்கம்' என்று ஆலனின் நூல்கள் தொடர்ந்து தமிழில் வந்தன. முதல் நூலுக்கும் இறுதி நூலுக்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகள். ஆகவே இது சிறையின் சோர்வைப் போக்கத் தேடிய பொழுதுபோக்கு அன்று. வாழ்நாள் முழுவதும் அவர் பற்றி நின்ற கொள்கை.

இங்கேதான் கடினமான கேள்வி எழுகிறது. மனம்போல வாழ்வு அமையும் என்றால், வ.உ.சி.யின் வாழ்வு ஏன் அவ்வாறு அமைந்தது? அவர் மனத்தில் கப்பல் இருந்தது. வாழ்வில் செக்கு வந்தது. இந்தக் கேள்வியை மறைத்துவிட்டு எண்ணத்தின் ஆற்றலைப் புகழ்வது எளிது. ஆனால் அது உண்மை ஆகாது.

சொல் கப்பலானது

1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கும்பினி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய்; பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய்; பங்குகள் 40,000. கும்பினியின் தலைவர் பாண்டித்துரைத் தேவர். 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அதே வள்ளல்தான் கப்பல் கும்பினிக்கும் தலைவரானார் என்பதை இலக்கிய வட்டங்கள் மறத்தலாகாது. ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கி இரண்டு இலட்சம் ரூபாய் தந்தார். எஞ்சிய பங்குகளை விற்க வ.உ.சி.யிடம் இருந்த கருவி ஒன்றே ஒன்று. அது சொல்.

ஊர் ஊராகச் சென்று பேசினார். வடக்கே பம்பாய் வரை சென்றார். கப்பல் கொண்டு வருவேன், இல்லையேல் கடலில் விழுந்து உயிர் விடுவேன் என்னும் கருத்துப்பட அவர் சூளுரைத்துச் சென்றார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். 1907ஆம் ஆண்டு மே மாதத்தில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. காற்றில் கரைந்துபோகும் ஒலி, இரும்பாகவும் நீராவியாகவும் உருக்கொண்டு கொழும்புத் துறைக்குச் சென்று திரும்பியது. சொல் படைக்கும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று தென்னாட்டு வரலாற்றில் அரிது.

போட்டிக் கும்பினி வாளாவிருக்கவில்லை. கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, முடிவில் கட்டணமே வேண்டாம், ஏறி வருவோர்க்குக் குடையும் தருவோம் என்று சொல்லும் அளவுக்கு இறங்கியது என்பர். இலவசக் குடைக்கு எதிரே நாட்டுப் பற்று எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பது அவர்களின் கணக்கு.

சொல் நெருப்பானது

1908 பிப்ரவரி மாத இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்களின் கோரிக்கைகள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நாள்தோறும் அவர்களிடையே பேசினர். மார்ச் முதல் வாரம் கழியுமுன் நிர்வாகம் இணங்கியது.

இந்நிகழ்ச்சி இன்றைய பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. அடுத்த ஆண்டில் 'மனம்போல வாழ்வு' வெளியிட்டவர், இந்த ஆண்டில் ஆலைத் தொழிலாளரைப் பார்த்து, உங்கள் வறுமைக்கு உங்கள் எண்ணமே காரணம், நல்ல எண்ணங்களை எண்ணுங்கள், கூலி தானே உயரும் என்று கூறவில்லை. வேலையை நிறுத்துங்கள் என்றார். நிறுத்திய குடும்பங்கள் பட்டினி கிடவாதிருக்க வழி தேடினார். எண்ணத்தின் ஆற்றல் பற்றிய கொள்கையை இன்று பலர் தவறாகக் கையாளுகின்றனர். நோயுற்றவனை நோக்கி உன் எண்ணம் பழுது என்றும், ஏழையை நோக்கி உன் நினைப்புச் சிறிது என்றும் சொல்வதற்கு அது பயன்படுகிறது. வ.உ.சி. அக்கொள்கையை ஒருபோதும் பிறர்மேல் பழியாகச் சுமத்தவில்லை. தம்மேல் கடமையாகச் சுமத்திக்கொண்டார். இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டவனே அக்கொள்கையைப் புரிந்துகொண்டவன்.

மார்ச் 12ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் நெல்லை கொந்தளித்தது. கடைகள் அடைபட்டன, அரசு அலுவலகங்கள் தீக்கிரையாயின, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். வ.உ.சி. அன்று காவலில் இருந்தார். கூட்டத்தை அவர் ஏவவில்லை. எனினும் அவர் தூவிய சொல், அவர் இல்லாத இடத்தில், அவர் எண்ணாத வடிவில் எரிந்தது. சொல்லை வாயிலிருந்து விடுத்தவனுக்கு அதன் போக்கின்மேல் ஆட்சி இல்லை. சொல்லின் ஆற்றலைக் கொண்டாடுவோர் இந்த நால்வரையும் எண்ணாமல் கொண்டாடுதல் கூடாது. ஆற்றல் உடையது எதுவாயினும் அச்சத்தோடு கையாளத் தக்கதே.

1908 ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பு வழங்கினார். அரச நிந்தனைக்கு இருபது ஆண்டு. சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இருபது ஆண்டு. ஆக நாற்பது ஆண்டு தீவாந்தர தண்டனை. எடுத்த ஆயுதம் ஏதும் இல்லை. கொள்ளை இல்லை, கொலை இல்லை. பேசினார், பேசியவருக்குத் துணை நின்றார் என்பவையே குற்றங்கள். சொல்லுக்கு எவ்வளவு ஆற்றல் உண்டு என்பதை அந்நாளில் தமிழ்ப் புலவர்களைவிட ஆங்கில அரசு நன்கு மதிப்பிட்டிருந்தது எனலாம். மேல்முறையீட்டில் தண்டனை ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது.

செக்கடியில் பிறந்த நூல்கள்

கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தார். பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். வெளியே 1911இல் கப்பல் கும்பினி கலைக்கப்பட்டது. காலியாக் கப்பல், எந்தக் கும்பினியை எதிர்த்து வாங்கப்பட்டதோ அந்தக் கும்பினியின் கைக்கே போய்ச் சேர்ந்தது. உலகக் கணக்கின்படி சொல் தோற்றுவிட்டது, எண்ணம் பொய்த்துவிட்டது.

அந்த நிலையில்தான் அவர் மெய்யறிவும் மெய்யறமும் எழுதினார். 1914இல் அச்சான மெய்யறம் திருக்குறளின் வழியைப் பின்பற்றிய அறநூல். மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணரியல், மெய்யியல் என ஐந்து இயல்களும் 125 அதிகாரங்களும் கொண்டது. செக்கைச் சுற்றி வந்த கால்கள் உடையவர், மாணவன் எவ்வாறு கற்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்கி, அரசு எவ்வாறு ஆள வேண்டும் என்பதையும் கடந்து, மெய்யுணர்வு வரை ஒரு முழு வாழ்வின் திட்டத்தை வகுத்திருக்கிறார். தம்மை வாட்டிய அரசின்மேல் வசை பாட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் அரசியல் என்று ஓர் இயல் எழுதினார்.

எழுப்பிய கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. மனம்போல வாழ்வு என்பதில் உள்ள வாழ்வு, வ.உ.சி. கண்ட பொருளில், வந்து சேரும் செல்வமோ சூழ்நிலையோ அன்று. சூழ்நிலையைப் பிறர் மாற்றலாம், பறிக்கலாம், அதில் பூட்டலாம். செக்கில் பூட்டப்பட்டவன் மாடாகிறானா, மனிதனாகவே இருக்கிறானா என்பது மட்டும் பிறர் கையில் இல்லை. அந்த இடத்தில் மனத்தின் ஆட்சி முழுமையானது. வ.உ.சி. மனிதராகவே இருந்தார், அதற்கும் மேலாக ஆசிரியராகவும் இருந்தார். அவருடைய எண்ணம் பொய்க்கவில்லை.

திருவள்ளுவர் அதிகாரங்களை அடுக்கிய முறையும் இதற்கு அரண் செய்கிறது. பொருட்பாலில் சொல்வன்மை 65ஆம் அதிகாரம், வினைத்தூய்மை 66, வினைத்திட்பம் 67. சொல்வன்மையை அடுத்துக் கேட்போரின் கைதட்டலை வைக்கவில்லை. செயலின் தூய்மையை வைத்தார். அதன்பின் செயலின் உறுதியை வைத்தார். சொல்லுக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்னும் வினாவுக்கு அந்த வரிசையே விடை. சொல், தன்னைத் தொடர்ந்து வரும் செயலிலிருந்து ஆற்றல் பெறுகிறது. செயல் தூயதாயின் சொல்லும் தூயது. செயல் திண்ணியதாயின் சொல்லும் திண்ணியது. திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை கண்டு 1935இல் வெளியிட்ட வ.உ.சி. இந்த வரிசையை வாழ்ந்து கண்டவர்.

மூன்று கடன்கள்

1912 டிசம்பரில் விடுதலை பெற்று வந்தவருக்கு வழக்குரைஞர் உரிமை இல்லை. கப்பல் இல்லை, கைப்பொருள் இல்லை. சென்னையில் சிறு வணிகம் செய்து காலம் கழித்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிய பணம் காந்தியடிகள் வழியாக வர வேண்டியிருந்தது. அது குறித்து 1915இல் தொடங்கிய கடிதப் போக்குவரத்து நீண்டது. முடிவில் 1916இல் வந்த தொகை 347 ரூபாய் 12 அணா. அதே 1916ஆம் ஆண்டில்தான் 'வலிமைக்கு மார்க்கம்' அச்சேறியது. முந்நூற்றுச் சொச்சம் ரூபாய்க்குக் காத்திருந்த கைகள், வலிமைக்கு வழி இது என்று பிறர்க்கு எழுதின. இது முரண் என்று தோன்றலாம். வலிமை என்னும் சொல்லுக்கு அவர் கொண்டிருந்த பொருளை அறிந்தோர்க்கு இதில் முரண் இல்லை.

பின்னாளில் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி அவருக்கு வழக்குரைஞர் உரிமையை மீட்டுத் தந்தார். அந்த நன்றியை வ.உ.சி. எவ்வாறு செலுத்தினார்? தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில அரசை எதிர்த்துச் செக்கிழுத்தவர், ஆங்கிலேயர் ஒருவரின் பெயரை ஈசுவரன் பெயரோடு சேர்த்துத் தம் இல்லத்தில் நாள்தோறும் அழைக்கும் சொல்லாக ஆக்கிக்கொண்டார். பகையைச் சொல்லில் ஏற்றாமல் நன்றியைச் சொல்லில் ஏற்றியது அந்த உள்ளம். ஆன்மிக ஆற்றல் என்பதற்கு இதனினும் எளிய விளக்கம் வேண்டுமோ?

இவற்றிலிருந்து கவிஞர் கைக்கொள்ளத்தக்க கடன்கள் மூன்று. முதலாவது, சொல்லுமுன் காத்திருத்தல். குருகூரும் ஸ்ரீவைகுண்டமும் காட்டியது அது. இரண்டாவது, சொன்னபின் சுமத்தல். ஒரு வரியை எழுதுமுன், இந்த வரிக்காக எதை இழக்க ஆயத்தம் என்று எழுதுபவன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றும் இழக்க இயலாது என்றால் அந்த வரியில் ஒலி இருக்கும், உயிர் இராது. ஏழைக்காகக் கண்ணீர் விடும் கவிதைகள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் எழுதப்படுகின்றன. எழுதியவர் வீட்டு வேலையாளுக்கு உரிய கூலி உரிய நாளில் கொடுக்கப்பட்டதா என்பதே அக்கவிதைகளுக்கான முதல் திறனாய்வு. மூன்றாவது, பலனைக் காணாமலும் சொல்லை விட்டுச் செல்லல்.

பலனைக் காணாதவர்கள்

மூன்றாவது கடனுக்கு நெல்லைச் சீமையில் மற்றொரு சான்றும் உண்டு. எட்டயபுரத்துப் பாரதியார் புதுவையிலிருந்து வெளியேறிய பின், 1918 இறுதி முதல் 1920 வரை செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் வாழ்ந்தார். அக்காலத்தில், 1920இல், தம் நூல்களை அச்சிட உதவுமாறு அன்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தார். நாற்பது நூல்கள், ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படிகள், ஆக நான்கு இலட்சம் படிகள். அவை மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தமிழ்நாட்டு வீடுதோறும் புகும் என்பது அவருடைய உறுதி. நாளைய அரிசிக்கு வழி தெரியாத ஒருவர் போட்ட கணக்கு இது. பணம் வரவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார்.

1949இல் சென்னை மாகாண அரசு அவருடைய நூல்களின் உரிமையை வாங்கியது. பின்னர் அவ்வுரிமை மக்களுக்கே பொதுவாக்கப்பட்டது. அதன்பின் மலிவுப் பதிப்புகள் பெருகின. தேர்த்திருவிழாக் கடையிலும் பேருந்து நிலையத்திலும் பாரதியார் கவிதைகள் தீப்பெட்டியைப் போலவே கிடைத்தன. நான்கு இலட்சம் என்னும் எண்ணிக்கை சிறிதாகிவிட்டது. சங்கற்பம் பலித்தது, ஆயின் சங்கற்பித்தவர் காணவில்லை.

வ.உ.சி.யும் காணவில்லை. 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் அவர் மறைந்தபொழுது, கடலில் ஓடிய கப்பல்களின் கொடி வேறாக இருந்தது. 2011ஆம் ஆண்டு முதல் தூத்துக்குடித் துறைமுகம் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே வந்தடையும் ஒவ்வொரு கப்பலும், எக்கொடி பறப்பதாயினும், அவர் பெயரைச் சொல்லியே கரை சேர வேண்டும். ஒரு கப்பலை இழந்தவரின் பெயருக்குள் இன்று எல்லாக் கப்பல்களும் வந்து நிற்கின்றன.

ஆயினும் இதை வெற்றி என்று கூறி மனநிறைவு அடைந்துவிடுதல் எளிது. பெயர்ப்பலகை அவருடைய நோக்கம் அன்று. உழைப்பவன் கூலியும் ஓய்வும் பெற வேண்டும், உள்ளம் உயர்ந்தவன் புறத்திலும் உயர்ந்து நிற்க வேண்டும் என்பவையே அவருடைய நோக்கங்கள். அவற்றில் எஞ்சியுள்ள பங்கு, அவர் பெயரைச் சொல்லுவோரின் கடனாக நிற்கிறது.

பெருமக்களே, வள்ளியூரிலிருந்து எத்திசையில் சென்றாலும் பனை தென்படும். தென்னையை நட்டவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை நட்டவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது இச்சீமையின் பழமொழி. நட்டவனுக்குப் பயன் தராது என்று தெரிந்தும் இம்மண்ணில் பனை விதைப்பது நின்றதில்லை. விதைத்தவன் பெயர் எந்தப் பனையிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. பேரன் நுங்கு வெட்டும்பொழுது பாட்டன் எண்ணம் பலிக்கிறது.

பத்து ஆண்டுகளாக இந்த வட்டம் சொற்களை விதைத்து வந்திருக்கிறது. அவற்றுள் தென்னைகள் சில இருக்கலாம். எழுதியவர் காலத்திலேயே பாராட்டும் பரிசும் தந்து நிற்கலாம். அவை வாழ்க. பனைகளும் சில இருக்க வேண்டும். எழுதியவர் சொல்லுக்கு முன் காத்திருந்து, சொல்லுக்குப் பின் சுமந்து, பலனை எதிர்பாராமல் விட்டுச் சென்ற வரிகள் அவை. அத்தகைய வரிகள் எவை என்பதை இவ்விழா மலர் கூறாது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், ஒரு துன்ப வேளையில், இன்னும் பிறவாத ஒருவன் வாயில் தானாக வந்து நிற்கும் வரியே அதைக் கூறும்.

அத்தகைய வரிகள் இந்த வட்டத்தில் மேலும் மேலும் பிறக்குமாக. மனம்போல வாழ்வு அமையுமாக.